அறுபது அடி தகரமும் கல்முனை வீதி நாற்றுக் கடையும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், பச்சை வலையைக் கூரையாகப் போட்டுப் பூங்கன்றுகளை அடுக்கி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நல்லதும் சொல்லப் போகிறேன், வயிற்றெரிச்சலையும் கொட்டப் போகிறேன். இரண்டு வருடமாகப் போய்வந்த இடம், அந்த மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போடும் எண்ணம் எனக்கு இல்லை.

முதலில் வேலியைச் சொல்ல வேண்டும். எங்கள் வளவு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் கால் புதையும் மணல். 2004 சுனாமியில் பழைய மதில் போனது. பிறகு தற்காலிகக் கொட்டில் போடக் கிடைத்த தகரங்களை அப்பா சும்மா விடாமல் வரிசையாக நிறுத்தி, மரச்சட்டத்தில் அறைந்து, "இப்போதைக்கு இது இருக்கட்டும்" என்றார். அந்த இப்போதைக்கு இருபது வருடம் தாண்டிவிட்டது. அறுபது அடி நீளம், ஆறடி உயரம். நடுவில் நாலு தகரம் மட்டும் நீலம், யாரோ கொடுத்த பெயின்ட் அந்த அளவுக்குத்தான் வந்தது. உப்புக் காற்று என்றால் சும்மாவா, கீழே இருந்து கறள் ஏறி ஏறி, அடிப்பக்கம் அரித்து ஓட்டை விழுந்து, அந்த ஓட்டைகளைப் பழைய பலகை, உடைந்த சீற்றுத் துண்டு, ஒரு இடத்தில் எண்ணெய் டின்னின் மூடி என்று அடைத்து வைத்திருக்கிறோம். மழைக்குச் சேறு தெறித்து அதற்கு மேலே இன்னொரு நிறம். அதாவது எங்கள் வேலியின் அவலட்சணம் முழுக்க இடுப்புக்குக் கீழேதான். இது எனக்குத் தெரிந்திருந்தும் முதல் தடவை கடைக்குப் போனபோது மூளையில் ஏறவில்லை. பின்னால் வந்த செலவெல்லாம் இந்த ஒரு விசயத்தால்தான்.

மதில் கட்ட மேசனிடம் விலை கேட்டோம். அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. சரி, கன்று வைத்து மறைப்போம் என்று முடிவானது.

நான் போனது ஆனி மாதம். இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். நம்முடைய பக்கத்தில் மழை என்பது கார்த்திகை, மார்கழி, தை. வைகாசி முடிந்தால் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் சூட்டோடு இறங்கி வரும் கச்சான் காற்று தொடங்கிவிடும், ஆவணி வரைக்கும் அது துவைத்த துணியை அரை மணித்தியாலத்தில் அப்பளமாக்கும். அந்த நேரத்தில் கன்று நடப் போனவளை யாராவது ஒருவர் தடுத்திருக்க வேண்டும். கடைக்கார அண்ணன் தடுக்கவில்லை. "தங்கச்சி, ரெண்டு நேரமும் தண்ணி ஊத்துங்க, எந்த மாசத்திலயும் வைக்கலாம்" என்றார். வியாபாரி வேறு என்ன சொல்வார்?

கடை பார்க்க நன்றாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். நுழைந்தவுடன் குளிர்ச்சி, ஈர மண் வாசம், முன்வரிசையில் பூத்துக் குலுங்குகிற போகன்வில்லா, சீமெந்துச் சாடிகள், தொங்குகிற பன்னங்கள். விலை ஒன்றிலும் எழுதியிருக்காது, கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அதனால் எனக்கு ஒரு விலை பக்கத்தில் நிற்பவருக்கு இன்னொரு விலையோ என்ற சந்தேகம் கடைசிவரை போகாது. நான் "வேலியை மறைக்க வேணும்" என்று சொல்லி வாயை மூடவில்லை, அண்ணன் கையால் காட்டிக் காட்டி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார். போகன்வில்லா ஆறு, ஒன்று 450. ரங்கூன் மல்லி மூன்று, ஒன்று 350. நெட்டிலிங்கம் பத்து, ஒன்று 400, அவர் அதை அசோக் மரம் என்றார், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மஞ்சள் இலை டுரந்தா இருபது, ஒன்று 80. மொத்தம் 9,350. கொம்போஸ்ட் மூன்று பை 1,500. பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்க இன்னொரு 1,500. "ஆறு மாசத்தில தகரம் தெரியாது, செத்தா மாத்தித் தருவன்" என்ற வாக்குறுதி இலவசம்.

நெட்டிலிங்கம்தான் முதலில் போனது. நட்டு ஒரு கிழமைக்குள் இலை தொங்கியது, இரண்டாம் கிழமை நுனி கருகியது. நான் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றினேன், ஆடி வந்ததும் எங்கள் கிணற்றுத் தண்ணீரே உவர்க்கத் தொடங்கிவிட்டது, அதையும் ஊற்றினேன். பத்தில் ஆறு பட்டுப்போனது. மீதி நாலும் காலைக் கூட்டத்தில் கை நீட்டி இடைவெளி விட்டு நிற்கும் பிள்ளைகள் போல நிற்கின்றன, இடைவெளி முழுக்கத் தகரம் பளிச்சென்று தெரிகிறது. இந்த மரம் நேரே உயரும், பக்கத்தில் பரவாது, நெருக்கமாக நட்டு வருடக்கணக்கில் பொறுத்திருப்பவர்களுக்கு, நல்ல மண் உள்ளவர்களுக்குச் சரிவரும். கடற்கரை மணலில், உப்புக் காற்றில், அவசரக்காரிக்குச் சரிவராது.

ஆவணியில் செத்த கன்றுகளின் படத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "தண்ணி காணாது" என்றார். நான் ஊற்றிய தண்ணீருக்கு நெல்லே விதைத்திருக்கலாம். பேசிப் பேசி ஆறுக்கு இரண்டு தந்தார். மாற்றித் தருவேன் என்று சொல்லிவிட்டு மூன்றில் ஒரு பங்கு மாற்றித் தருவது எந்தக் கணக்கு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. இந்த இடத்தில் கடைக்கு என் புள்ளி பூச்சியம்.

ஆனால் அன்றைக்குத்தான் அந்த அக்காவைச் சந்தித்தேன். கடையில் வேலை செய்பவ, வயது அறுபது இருக்கும், பின்பக்கம் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தா. நான் புறுபுறுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு "இஞ்ச வாங்க மகள்" என்று கூப்பிட்டு, வரிசையில் இருந்த ஒரு நெட்டிலிங்கப் பையை மெல்லத் தூக்கிக் காட்டினா. பையின் அடியைப் பிய்த்துக்கொண்டு வேர் நிலத்துக்குள் போயிருந்தது. கனகாலம் ஒரே இடத்தில் நின்ற கன்று இப்படித்தான் தரைக்குள் வேர் விட்டுச் செழிப்பாக நிற்குமாம், வாங்குபவருக்காகச் சடக்கென்று தூக்கும்போது அந்த வேர் அறுந்து பையில் இருப்பது அரைக் கன்றுதானாம். அதோடு வலை நிழலில் வளர்ந்ததை நேரே கச்சான் வெயிலில் வைத்தால் வேறென்ன நடக்கும். "பூவையும் இலையையும் பாக்காதீங்க, பையத் தூக்கி அடியப் பாருங்க. அறுந்த வேர் தொங்கினா வைச்சிட்டு வாங்க." முதலாளி முன்னால் இருக்க, இதைக் குரலைக் கூடக் குறைக்காமல் சொன்னா.

பிறகு வேலி எப்படி இருக்கும் என்று கேட்டா. படத்தைக் காட்டினேன். இரண்டு விநாடிதான் பார்த்திருப்பா. "அசிங்கம் கீழ கிடக்கு, நீங்க மேல மூடுற சாமானெல்லாம் வாங்கிப் போயிருக்கீங்க."

போகன்வில்லாவின் கதை இதற்கு நல்ல சாட்சி. செடியில் ஒரு குறையும் இல்லை. உப்பு, வெயில், வறட்சி எதற்கும் அசையவில்லை, தண்ணீர் கூடினால்தான் பூக்காமல் இலையாகத் தள்ளும், மற்றபடி அது பாட்டுக்கு வளர்ந்தது. ஆனால் வளர்ந்தது எங்கே? அடியில் விரல் தடிப்புத் தண்டும் முள்ளும், ஐந்தடிக்கு மேலேதான் இலையும் பூவும். எங்கள் பக்கம் மாமர நிழல், பக்கத்து வீட்டு மாமியின் முற்றம் திறந்த வெளி, வெயிலைத் தேடித் தகரத்துக்கு மேலால் தாண்டி அங்கே போய்க் கொத்துக் கொத்தாகப் பூத்தது. எங்களுக்குத் தண்டு, முள், கறள். மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "உங்கட பூ என்ன வடிவு மகள்" என்பா, அடுத்த நாள் "இந்தச் சருகக் கூட்டி முடியேலாமக் கிடக்கு" என்பா. இரண்டும் உண்மைதான், நான் என்ன சொல்ல. கடையில் இளஞ்சிவப்பு என்று தந்தது நாவல்பழ நிறத்தில் பூத்ததைப் பற்றி இங்கே பேசவே போவதில்லை. கத்தரிக்கப் போய் இவருடைய உள்ளங்கையில் முள் ஏறி ஒரு கிழமை கட்டுப் போட்டதையும் விடுகிறேன்.

ரங்கூன் மல்லி எதிர்மாறு, அது கேட்டதற்கு மேலேயே செய்தது. மாலையில் வெள்ளையாக விரியும், மறுநாள் இளஞ்சிவப்பு, பிறகு சிவப்பு, ஒரே குலையில் மூன்று நிறமும் தொங்கும். இரவில் வாசம் குசினி வரை வரும். முதல் மழைக்குப் பிறகு வளர்ந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. தகரத்திலேயே ஏற்றினோம், அதுதான் பிழை. கோடையில் தகரம் தோசைக்கல் மாதிரிச் சுடும், அதில் தொட்ட குருத்தெல்லாம் பழுப்பாகும். மாரியில் இலைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஈரம் காயாமல் நின்று, இருக்கிற கறளுக்கு இன்னும் தீனி போடும். கடைசியில் மார்கழியில் வாடைக் காற்று ஒரு இரவு பிடித்து அடித்ததில், நனைந்த கொடியின் பாரத்தோடு இரண்டு தகரம் சட்டத்தை விட்டுக் கழன்று எங்கள் பக்கம் சரிந்தது. மறைக்க வைத்த கொடி வேலியையே இழுத்து விழுத்தியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை என்று இவர் சொன்னார், அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்தக் கொடியையும் தகரத்தில் நேரே ஏற்றாதீர்கள். கடையில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது தகரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தனியாகக் கம்பி வலை கட்டியிருக்கிறோம். அந்த இடைவெளியால் காற்றும் போகும், நாங்களும் நுழைந்து தகரத்துக்குப் பெயின்ட் பூசலாம், விழுந்த மட்டை சருகை இழுத்தெடுக்கலாம். அதைக் கூட்டாமல் விட்டால் பாம்பு குடியிருக்கும், போன மாரியில் ஒரு சாரையார் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வலைக்குத் தூண் என்னவென்றால் பூவரசங் கதியால். இதுவும் அக்காவின் யோசனை. கடையில் பூவரசு விற்பதில்லை, யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? கை மொத்தத்துக்கு நேரான கொப்பாக வெட்டி, ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் நனைந்த பிறகு ஒன்றரை அடி ஆழத்தில் நட்டோம். ஒன்பது நட்டதில் எட்டு துளிர்த்தது. கடற்கரையில் தானாக முளைக்கிற மரம், உப்பு அதற்கு ஒரு பொருட்டில்லை. எங்கள் அம்மம்மா வீட்டில் கிடுகு வேலிக்கு இடையில் நின்றதும் இதே பூவரசுதான், சித்திரை வருசத்துக்கு முன் கிடுகை மாற்றிக் கட்டும்போது நாங்கள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக்கொண்டு திரிவோம். என் மகனுக்குச் சுருட்டிக் கொடுத்தேன். இரண்டு தரம் ஊதிவிட்டு போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இனிக் கீழ்ப்பக்கம். அக்கா கடையின் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போய்க் காட்டியது சங்கங்குப்பி. சின்னச் சின்னக் கறுப்புப் பொலித்தீன் பையில், பூவும் இல்லை, நிறமும் இல்லை, கடும் பச்சையில் பளபளக்கிற சின்ன இலை, ஒன்று 30 ரூபா. முன்வரிசையில் இதை ஏன் வைப்பதில்லை என்று கேட்டேன், சிரித்தா. வாவிக் கரையிலும் கடற்கரையிலும் சும்மா வளர்கிற சாதிதான், நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. இலை கைப்பு, ஆடு மாடு வாய் வைக்காது. வெட்ட வெட்டத் தரையோடு தரையாக நெருங்கிக் கட்டும். சரியாக நமக்கு வேண்டிய உயரத்தில், முழங்காலில் இருந்து இடுப்பு வரை. நாற்பது வாங்கினேன், 1,200. ஒன்றரை அடிக்கு ஒன்று வைத்தேன். இவ்வளவு செலவழித்ததில் கீழ்ப்பக்கத்துக்கு வேலை செய்தது இந்த 1,200தான், மற்றதெல்லாம் ஜோடிப்பு.

குழி விசயமும் அக்கா சொன்னபடிதான். மணலில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது, வேருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடும். ஒன்றரை அடிக்கு வெட்டி, அடியில் தேங்காய் உரிமட்டைகளை உள்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அதற்கு மேலே மாட்டெருவும் தும்புச்சோறும் (தேங்காய் நார்த் தூள்) மேல்மண்ணும் கலந்து போட்டால் மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தென்னை வைக்கிறவர்களுக்கு இது தெரிந்த வேலை, பூங்கன்றுக்கும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த கச்சானுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றியும் தாக்குப்பிடித்தது. ரெண்டு நேரமும் ஊத்துங்க என்ற அண்ணனின் கணக்கில் நான் கிணற்றடியிலேயே குடியிருந்திருப்பேன்.

சங்கங்குப்பிக்கு மேலே செவ்வரத்தை பன்னிரண்டு, ஒன்று 200. அடுக்குச் செவ்வரத்தை வேண்டாம், சாதாரண ஒற்றைச் சிவப்பைத்தான் எடுத்தேன், அது அடியில் இருந்து கிளைக்கும். வருடத்துக்கு ஒரு தரம் மழைக்கு முன் இடுப்பளவுக்கு வெட்டிவிட வேண்டும், வெட்டப் பரிதாபப்பட்டால் அதுவும் மேலே போய்க் குடை பிடிக்கும். வெள்ளைப் பூச்சி கொஞ்சம் வரும், ஹோஸ் பைப்பால் இலையின் அடியில் அடித்துக் கழுவினால் போதும். கம்பி வலையில் கொடித்தோடை, அதாவது பாஷன் புரூட், இரண்டு, ஒன்று 250. எட்டு மாதத்தில் பூ, பிறகு காய். போன வருடம் ஆறு வீட்டுக்குக் கொடுத்தும் மிச்சம். மறைப்பில் பாதியை அதுதான் செய்கிறது, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் கொடி கிழடாகும், மாற்றுக் கன்றை இப்போதே பையில் போட்டு வைத்திருக்கிறேன். மஞ்சள் டுரந்தா? முதல் கோடையில் ஓரம் கருகி அழுதுகொண்டிருந்தது, மழைக்குப் பிறகு எழும்பிவிட்டது. கேற்றடியில் மட்டும் வைத்திருக்கிறேன், வெட்டி வெட்டி அடக்க வேண்டும், சோம்பேறிகளுக்கு அல்ல.

இன்னொன்று. இரண்டாம் தடவை போனபோது அண்ணன் மஞ்சள் அலரியையும் தள்ளப் பார்த்தார். கெதியாக வளரும், ஆடு தின்னாது, எல்லாம் உண்மை. ஆனால் அதன் விதை கடும் நஞ்சு, இலையும் பாலும் கூட நல்லதில்லை. சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வளவில் எனக்கு வேண்டாம் என்றேன். அவர் "பார்த்துக்கொண்டா சரி" என்றார். கன்று விற்கிறவர் இதைத் தானாகவே முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சாடிகளுக்குக் கீழே வைக்கிற தட்டும் அப்படித்தான், வாங்கும் ஒவ்வொரு சாடிக்கும் ஒன்று தலையில் கட்டுகிறார்கள். மாரியில் அதில் தண்ணீர் நின்றால் நுளம்புப் பண்ணைதான், டெங்குக் காலத்தில் வளவு பார்க்க வருகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான். நான் எல்லாத் தட்டையும் கவிழ்த்துக் கோழிக்குத் தீனி வைக்கிறேன்.

கணக்கு இதுதான். முதல் தடவை ஏற்றி இறக்கியதோடு 12,350, அதில் பாதிக்கு மேல் வீண். இரண்டாம் தடவை 4,100, அதில் ஒரு சதமும் வீணில்லை. இரண்டும் ஒரே கடை. அதனால்தான் "போங்கள்" என்றும் "போகாதீர்கள்" என்றும் ஒரு சொல்லில் சொல்ல முடியவில்லை. கன்றுகளில் நோய் பூச்சி இல்லை, அது பெரிய விசயம், வேறு இரண்டு இடத்தில் வாங்கியவற்றில் மாவுப்பூச்சி வீட்டுக்கு வந்தது. ஏற்றி இறக்க வருகிற பையன்கள் ஒரு சாடியைக் கூட உடைக்கவில்லை. பில் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் இல்லை, எனவே கேளுங்கள், செத்தால் மாற்றித் தருவதென்றால் எத்தனை மாதத்துக்குள் எத்தனை என்று அந்தப் பில்லின் பின்னாலேயே எழுதி வாங்குங்கள். போகுமுன் வேலியை மேல் கீழாக இரண்டு படம் எடுத்துக்கொண்டு போங்கள், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசி முடிவில் போவது நல்லது, வாங்கி ஒரு கிழமை மாமர நிழலில் வைத்து, பிறகு அரை வெயிலில் வைத்து, ஐப்பசி மழையோடு மண்ணில் இறக்கலாம்.

எங்கள் வேலியில் இப்போது தெரிவது கிணற்றடியில் ஒரு நாலடி மட்டும். அந்த நீலத் தகரங்களில் ஒன்று. அங்கே நட்டதெல்லாம் சவர்க்காரத் தண்ணீரில் போய்விடுகிறது, இந்த ஐப்பசிக்குக் கல்வாழை வைத்துப் பார்க்க அக்கா சொல்லியிருக்கிறா. அக்கா செவ்வாயும் வெள்ளியும் வேலைக்கு வரமாட்டா. அந்த இரண்டு நாளும் அந்தப் பக்கம் போகாதீர்கள், போனாலும் எதையும் வாங்காமல் குளிர்ச்சியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.